ஒலியை வெட்டும் பொத்தான்

மின்கிதார் வாசிக்கிற இளைஞர்களுக்கு மதுரையில் குறைவில்லை. ஞாயிறு வழிபாட்டில் பாடகர் குழுவோடு வாசிப்பவர்கள், கல்லூரிக் கலைவிழாவுக்காக இசைக்குழு சேர்ப்பவர்கள், கல்யாண மண்டபத்து இன்னிசைக் கச்சேரியில் எண்பதுகளின் பாட்டுகளுக்கு வாசிப்பவர்கள் என்று பல வகையினர் இருக்கிறார்கள். இவர்களில் பலர் செய்யத் தயங்குகிற காரியம் ஒன்று உண்டு. கிதாரின் மூடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. காசு போட்டு வாங்கிய பொருள், கை வைத்தால் கெட்டுவிடும், வாரண்டி போய்விடும் என்கிற பயம். வயர் ஒன்று விட்டுப்போனாலும் கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறுகிறார்கள்.

அந்தப் பயத்தைத் தெளிய வைக்க நல்ல வழி, கிதாரில் ஒரு கில் ஸ்விட்ச் பொருத்திப் பார்ப்பது. பயத்தைப் போக்குவது அதன் பலன்களில் சிறியது. பெரிய பலன் வேறு. மேளமும் தவிலும் பறையும் கேட்டு வளர்ந்த தென்மாவட்டத்துப் பிள்ளைகளின் கையில், இந்தப் பொத்தான் மேற்கத்திய மேடைகளில் இதுவரை கேட்டதைவிட அதிகமாகப் பேசக்கூடியது. அதற்கான கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கில் ஸ்விட்ச் என்பது கிதாரின் உடம்பில் பதிக்கும் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் ஒலி அந்த நொடியே அறுபடும், விட்டால் திரும்ப வரும். தந்தி அதிர்ந்துகொண்டேதான் இருக்கும், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் சமிக்ஞை மட்டும் நின்றுபோகும். நீளமாக இழுத்து ஒலிக்கும் ஒரு சுரத்தை இப்படி வேகவேகமாக வெட்டினால், கிதார் தந்தி வாத்தியம் என்பதை மறந்து தாள வாத்தியமாகிவிடுகிறது.

உலகம் இதைக் கண்டுபிடித்தது பொத்தானே இல்லாமல்தான். இங்கிலாந்தின் தி ஹூ குழுவைச் சேர்ந்த பீட் டவுன்ஷெண்ட், 1965-ல் வந்த பாட்டொன்றில் தந்திக்கு அடியில் இருக்கும் பிக்கப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விசையையே இப்படியும் அப்படியும் தட்டி ஒலியை விட்டுவிட்டு வரச் செய்தார். அமெரிக்காவின் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ அந்த உத்தியைத் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார். 1992-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டவர்கள், இது கிதாரா, இசைத்தட்டைக் கையால் தேய்க்கும் சத்தமா என்று குழம்பினார்கள். இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் திருகு உள்ள கிதாரில் ஒன்றைப் பூஜ்ஜியத்திலும் மற்றதை முழுதாகவும் வைத்துவிட்டு, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் விசையைத் தட்டினால் போதும். வீட்டில் லெஸ் பால் வகைக் கிதார் வைத்திருப்பவர்கள் இன்று மாலையே இதைச் செய்து பார்க்கலாம். துளை போட வேண்டியதில்லை.

முகமூடியும் தலையில் கோழிக்கறி வாளியுமாக மேடையேறும் பக்கெட்ஹெட் ஒரு படி மேலே போனார். வீடியோ கேம் பெட்டிகளில் இருக்கும் சிவப்புப் பொத்தானைக் கிதாரில் பதித்துக்கொண்டார். ரேடியோஹெட் குழுவின் ஜானி கிரீன்வுட் வைத்திருக்கும் டெலிகாஸ்டரிலும் இப்படியொரு பொத்தான் உண்டு. இவர்கள் யாருமே கடையில் வாங்கிய கிதாரை வாங்கியபடியே வைத்துக்கொண்டவர்கள் இல்லை. மொரெல்லோவின் புகழ்பெற்ற கிதாரில் மரக்கட்டையைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மாற்றப்பட்டவை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

மௌனத்தை ஓசைக்குச் சமமாக எண்ணிக் கணக்கு வைக்கும் மரபு நம்முடையது. கார்வை என்று ஒன்றை வைத்து, எத்தனை மாத்திரை சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே வாத்தியார் சொல்லிக் கொடுக்கிறார். மிருதங்கத்தின் தொப்பியில் "தொம்" என்றால் ஒலி விரிந்து போகும். "த" என்றால் கை தோலிலேயே படிந்து ஒலியை அடக்கும். ஒரே தோல், ஒரே கை, திறந்த ஒலியும் மூடிய ஒலியும். கடத்தில் வித்வான் பானையின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிக்கும்போதும் நடப்பது அதுதான். திறப்பதையும் மூடுவதையும் இசையாக்கும் அறிவு இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கில் ஸ்விட்ச் செய்யும் வேலையும் திறப்பதும் மூடுவதும் மட்டுமே.

மேற்கத்திய ராக் இசையில் இந்தப் பொத்தானைப் பெரும்பாலும் ஒரே சீரான வேகத்தில்தான் தட்டுகிறார்கள். ஒரு அடியை நான்காகவோ மூன்றாகவோ பிரித்துத் தடதடவென்று ஓட விடுவது வழக்கம். கேட்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் காது அதை எதிர்பார்க்கப் பழகிவிடும். நம் பிள்ளைகளுக்கோ தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து, தகிட தகதிமி என்றால் ஏழு. அவற்றை அடுக்கவும் கோக்கவும் தெரிந்த விரல் இந்தப் பொத்தானில் விழுந்தால் கதையே வேறு.

ஓர் உதாரணம் போதும். ராக் பாட்டின் ஒரு சுற்றில் நான்கு அடி. ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்தால் பதினாறு மாத்திரை. இதில் "ததிங்கிணதொம்" என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று தடவை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை விட்டு வாசித்துப் பாருங்கள். ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து. கூட்டினால் பதினேழு. கடைசித் "தொம்" பதினேழாவது மாத்திரையில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், டிரம்ஸ்காரரின் காலடியோடு சேர்ந்து இறங்கும். மிருதங்க வகுப்பில் கொஞ்ச நாள் உட்கார்ந்த பையனுக்கு இது எளிய கணக்கு. இதையே ஓங்கி ஒலிக்கும் ஒற்றைக் கிதார்ச் சுரத்தின் மேல் பொத்தானால் வெட்டி வெட்டி வாசித்தால், எந்த நாட்டு ராக் மேடையிலும் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு மாத்திரை என்பது ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. ஒரே விரலால் அந்த வேகம் பிடிப்பது கடினம். இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போடும் அளவுக்குப் பொத்தான் அகலமாக இருந்தால் பழகிவிடலாம். முதலில் பாதி வேகத்தில் வாயால் சொல்லிக்கொண்டே பழக வேண்டும் என்பது எந்த வாத்தியார் வீட்டிலும் கேட்கிற அறிவுரைதான்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கில் ஸ்விட்ச்சில் அழுத்தினால் மௌனம், விட்டால் ஒலி. தட்டினால் ஓசை வரும் என்று பழகிய லயக்காரர் விரலுக்கு இது தலைகீழ். சொல் விழ வேண்டிய இடத்தில் கை மேலே போக வேண்டும், கார்வையில் கை கீழே இருக்க வேண்டும். பழகுகிறவர்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். இதற்குத் தீர்வு சுலபமானது, நம்மவர்களுக்கு இன்னும் பொருத்தமானதும்கூட. அழுத்தும்போது இணைப்பு விடுபடும் வகைப் பொத்தானை வாங்கி, அதோடு தொடராக ஒரு சின்ன விசையைச் சேர்த்துவிட்டால் போதும். விசையை அணைத்து வைத்தால் கிதார் வழக்கம்போல ஒலிக்கும். விசையைப் போட்டால் கிதார் முழு மௌனத்துக்குப் போய்விடும். பொத்தானைத் தட்டும் நேரத்தில் மட்டும் ஒலி வெளியே வரும். தட்டுவது சொல், தட்டாமல் விடுவது கார்வை. மிருதங்கத்திலும் தவிலிலும் பழகிய கணக்கு அப்படியே கிதாருக்கு வந்துவிடும். மதுரையில் கில் ஸ்விட்ச் போட நினைக்கும் யாரும் இந்த இரண்டாவது முறையையே முதலில் யோசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் உறுதியான பரிந்துரை.

சரி, கிதாருக்குள் என்னதான் இருக்கிறது? பயப்படும் அளவுக்கு எதுவும் இல்லை. தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பி. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று. இரும்புத் தந்தி காந்தத்தின் மேல் அதிரும்போது கம்பியில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. வோல்ட்டில் ஒரு சின்னப் பங்குதான். விரலில் பட்டாலும் ஒன்றும் தெரியாது. அது வால்யூம், டோன் திருகுகளைக் கடந்து கேபிள் செருகும் ஜாக்குக்கு வருகிறது. ஜாக்கில் இரண்டு முனை இருக்கும். ஒன்றில் ஒலி, மற்றது எர்த்.

சாதாரணக் கில் ஸ்விட்ச்சுக்குத் தேவை இரண்டே வயர். பொத்தானின் ஒரு காலிலிருந்து ஒரு வயர் ஜாக்கின் ஒலி முனைக்கு, அடுத்த காலிலிருந்து இன்னொரு வயர் எர்த் முனைக்கு. வீட்டு வாசலில் இருக்கும் காலிங்பெல் ஸ்விட்ச் போன்றதுதான் அந்தப் பொத்தான். அழுத்தியிருக்கும்வரை இணைந்திருக்கும், விட்டதும் பிரிந்துவிடும். இணைந்த நேரத்தில் ஒலி ஆம்ப்ளிஃபயருக்குப் போகாமல் எர்த்துக்கு இறங்கிவிடுகிறது. ஒலி வயரையே குறுக்கே வெட்டி அதில் ஸ்விட்ச் வைத்தால் என்ன என்று சிலருக்குத் தோன்றும். ஒலி நிற்கத்தான் செய்யும். ஆனால் கேபிளின் மறுமுனை அந்தரத்தில் தொங்குவதால் ஒவ்வொரு தடவையும் "உம்ம்" என்று இரைச்சல் வரும். எர்த்துக்கு இறக்கிவிட்டால் வருவது சுத்தமான மௌனம். கார்வை என்றால் அது சுத்தமாக இருக்க வேண்டுமே.

துளை போடும் இடத்தை அவசரமில்லாமல் முடிவு செய்ய வேண்டும். வலது கையால் மீட்டுபவர், இடது கை விரல்களால் தந்தியைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டே வலது கையால் பொத்தானைத் தட்டுவார். ஆகவே பிரிட்ஜுக்குக் கீழே, வால்யூம் திருகுக்குப் பக்கத்தில், வலது கை இயல்பாக வந்து இறங்கும் இடம் தோதாக இருக்கும். சும்மா மீட்டும்போது மணிக்கட்டு பட்டு அழுந்தாத இடமாகவும் இருக்க வேண்டும். உள்ளே அந்த இடத்தில் பள்ளம் இருக்கிறதா, பொத்தானின் அடிப்பகுதி இறங்க ஆழம் போதுமா என்று மூடியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் டிரில்லைத் தொட வேண்டும். மேற்பூச்சு தெறிக்காமல் இருக்கக் காகித டேப் ஒட்டி, முதலில் மெல்லிய பிட்டால் வழி திறந்து, பிறகு படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போகலாம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் மேலே பிளாஸ்டிக் தகடுதான் இருக்கும். மரத்தைத் தொடவே வேண்டாம். தகடு பாழானால் புதுசு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் மனம் வராதவர்கள், அடிக்கடி பயன்படாத ஒரு டோன் திருகைக் கழற்றிவிட்டு அந்தத் துளையிலேயே சிறிய பொத்தான் ஒன்றை உட்கார வைத்துவிடலாம்.

பற்றவைப்புக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முனையை ஜாக்கின் உலோகத்தில் வைத்துச் சூடேற்றி, ஈயத்தை அயர்னில் வைக்காமல் உலோகத்தில் தொட்டால் அது தானாக இழுத்துக்கொண்டு பளபளப்பாகப் படியும். மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை, மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதத்தில் மேடையில் காலை வாரிவிடும். மூடியைப் பூட்டும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட வேண்டும். உள்ளே பேட்டரி உள்ள ஆக்டிவ் பிக்கப் என்றால் மட்டும் சுற்றமைப்பு தெரிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இவ்வளவும் தெரிந்தவர்கள் மதுரையில் இருக்கிறார்கள். மைக் செட்காரர்கள்தான் அவர்கள். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம், கல்யாணம் என்று வருடம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயருமாக ஓடிக்கொண்டிருப்பவர்கள். ஜாக் விட்டுப்போனால் இருட்டில் டார்ச் வெளிச்சத்திலேயே பற்றவைத்துவிடுவார்கள். "எர்த் சரியில்ல தம்பி, அதான் ஹம் அடிக்குது" என்று காதால் கேட்டே சொல்லிவிடுவார்கள். கிதார்காரப் பிள்ளைகளும் இவர்களும் ஒரே மேடையில் பல தடவை சந்திக்கிறார்கள். ஆனால் கிதாரின் உள் வேலைக்கு இவர்களைக் கேட்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கிதார் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்ற நினைப்புதான் காரணம். உள்ளே இருப்பது இந்த மைக் செட்காரர் தினமும் பார்க்கும் அதே ஜாக், அதே வயர், அதே எர்த்.

எர்த் என்ற பேச்சு வந்ததால், எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிதாரின் தந்திகள் உள்ளே எர்த் வயரோடு இணைந்திருக்கின்றன. தந்தியைத் தொட்டிருப்பது ஆம்ப்ளிஃபயரின் உலோக உடம்பைத் தொட்டிருப்பதற்குச் சமம். ஆம்ப்ளிஃபயருக்கு முறையான எர்த் இல்லாமல், மைக் வேறொரு இடத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு, இரண்டில் ஒன்றில் கசிவும் இருந்தால், பாடிக்கொண்டே வாசிப்பவரின் உதடு மைக்கில் படும் நொடியில் உயிரே போய்விடலாம். ஸ்டோன் த க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் கிதார்காரர் லெஸ் ஹார்வி, 1972-ல் ஸ்வான்சீ நகரத்து மேடையில் மின்சாரம் தாக்கித்தான் இறந்தார். எர்த் இல்லாத மைக்கைத் தொட்டிருக்கிறார். நம் திருவிழா மேடைகளில் தற்காலிக இணைப்பு, ஜெனரேட்டர், மழை ஈரத்தில் கிடக்கும் வயர் எல்லாம் சகஜம். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளையில் சொருகுவதும் சகஜம். அது நிற்க வேண்டும். விழாக் குழுவினர் பந்தலுக்கும் பேனருக்கும் கணக்குப் போடும்போது எர்த் குழிக்கும் கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கருக்கும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கில் ஸ்விட்ச் என்ற பெயரைப் பார்த்து அது வாசிப்பவரைக் காக்கும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது ஒலியை மட்டுமே நிறுத்தும்.

கில் ஸ்விட்ச்சுக்கு எதிரான பேச்சுகளும் உண்டு. வெறும் வித்தை, காலால் மிதிக்கும் ட்ரெமொலோ பெடல் இதைச் செய்யாதா என்பார்கள். பெடல் ஒலியை விட்டுவிட்டு வரச் செய்யும், ஆனால் அதன் தாளம் இயந்திரத்தினுடையது. மிருதங்கக்காரர் திடீரென்று ஐந்தாகப் பிரியும் கண்ட நடைக்குத் தாவினால் பெடல் கூடவே தாவாது, விரல் தாவும். உள்ளங்கையால் தந்தியை அமுக்கினால் போதாதா என்றும் கேட்கலாம். அமுக்கினால் தந்தியின் அதிர்வே செத்துவிடும், திரும்ப மீட்ட வேண்டும். பொத்தானில் அதிர்வு உள்ளே உயிரோடு இருக்கிறது. இன்னொரு நயமும் உண்டு. பொத்தான் கிதாரிலேயே இருப்பதால், வெட்டு விழுவது எதிரொலிப் பெடலுக்கு முன்னால். புது ஒலி அறுந்த பிறகும் முன்னால் போன ஒலியின் எதிரொலி தேய்ந்துகொண்டே வரும். இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்து வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒற்றைக் கிதாரே தனியாவர்த்தன மேடையாகிவிடும்.

துளை போட்டால் விற்கும்போது விலை குறையும் என்பது உண்மை. லட்சக்கணக்கில் விலையுள்ள பழைய கிதாரில் யாரும் துளை போட வேண்டாம். முதல் கிதாராக வாங்கிய, மூலையில் சாத்தி வைத்திருக்கும் மலிவுக் கிதார் இதற்கென்றே பிறந்தது. பொத்தான், வயர், ஈயம் எல்லாம் சேர்ந்தும் செலவு பெரிதாக வராது.

வாத்தியத்தைத் திருத்துவது மரியாதைக் குறைவு என்ற எண்ணம்தான் உள்ளே ஆழமாகக் கிடக்கிறது. தமிழ்நாட்டு இசை வரலாற்றைப் பார்த்தால் அதற்கு ஆதாரமே இல்லை. மாண்டலின் என்பது இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி கொண்ட இத்தாலிய வாத்தியம். அதன் ஒலி சட்டென்று மடிந்துவிடும். கமகத்துக்கு நிற்காது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை மேடைக்கு வந்த சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்துக்கொண்டார். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கினார், கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி சேர்த்தார். மின்சாரத்தில் ஓடும் வாத்தியம் கர்நாடக சங்கீதத்துக்கு ஆகுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சில வருடங்களில் அந்தக் கேள்வியே மறைந்துபோனது. 1998-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நாகசுரத்தின் நீளத்தையும் துளைகளையும் மாற்றி அமைத்தார். உரத்த திமிரி நாகசுரம் பின்னுக்குப் போய், கனமான பாரி நாகசுரம் முன்னுக்கு வந்தது. துளை எங்கே இருக்க வேண்டும் என்பதை வாசிப்பவரும் செய்பவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1970-களில் கிதார்காரர் ஜான் மெக்லாக்லின் சக்தி குழுவுக்காகச் செய்துகொண்ட கிதாரில் விரல் பலகை மெட்டுகளுக்கு நடுவே குடையப்பட்டிருந்தது, குறுக்கே கூடுதலாக அதிர்வுத் தந்திகள் இருந்தன. வீணை பழகிய பிறகு, வீணையின் சுர வளைவு கிதாரில் வர வேண்டும் என்று அவர் செய்த மாற்றம் அது. பக்கத்தில் உட்கார்ந்து கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம்.

கடம் என்றதும் மதுரைக்காரர்களுக்கு மானாமதுரை நினைவுக்கு வரும். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர். அங்கே மண்ணைப் பலகையால் தட்டித் தட்டி, சுவரின் கனத்தைக் கையாலேயே சமன் செய்து, கேட்கிற சுருதிக்குப் பானை செய்து தருகிறார்கள். மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவனுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. மேடையில் உட்காராத ஒரு கைக்குக் கிடைத்த அந்த மரியாதை மிக முக்கியமானது. நாகசுரத்துக்கும் கடத்துக்கும் செய்கிறவர் கை எவ்வளவு முக்கியம் என்று நமக்குத் தெரியும். மின்கிதாருக்கு மட்டும் செய்கிறவரும் திருத்துகிறவரும் எங்கோ தூரத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மதுரை மண்ணிலேயே இன்னொரு முன்னோடி உண்டு. அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் அறியப்பட்டவர், கிராமியப் பாட்டையும் பறையையும் கிறிஸ்தவ வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இன்ன இசைதான் கோயிலுக்குள் வரலாம், இன்ன வாத்தியம் வாசலிலேயே நிற்க வேண்டும் என்ற பழக்கத்தை உடைத்தவர் அவர். தென்மாவட்டங்களில் கிதார் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளில் கணிசமானோர் இன்றும் தேவாலயத்தில்தான் முதல் சுரம் பிடிக்கிறார்கள். பறையும் கிதாரும் ஒரே கூரையின் கீழ் கேட்கக்கூடிய இடங்கள் அவை. பறையடிப்பவர் ஓர் அடவை வாசிக்க, கிதார்காரர் அதே அடவைப் பொத்தானால் திருப்பி வாசிக்கும் முயற்சியை அங்கிருந்தே தொடங்கலாம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. பசுமலையில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. தாளக் கணக்கு தெரிந்த ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊரின் மறுபக்கம் கோ.புதூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. மின்சுற்றும் பற்றவைப்பும் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். வீணைக்கு கான்டாக்ட் மைக் பொருத்துவது, வயலினுக்குப் பிக்கப் போடுவது, கிதார் வயரிங் பழுது பார்ப்பது, மேடையின் எர்த்தைச் சோதிப்பது எல்லாம் சேர்ந்த குறுகிய காலப் பயிற்சி ஒன்றை இந்த இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. இசைக்கல்லூரி மாணவர் வாத்தியத்தைக் கொண்டுவருவார், தொழிற்பயிற்சி மாணவர் மல்டிமீட்டரைக் கொண்டுவருவார். கில் ஸ்விட்ச்சை முதல் பாடமாக வைக்கலாம். இரண்டே வயர், ஒரு பொத்தான், ஒரு துளை. மின்சுற்று சரியா என்று ஒருவர் பார்க்க, ததிங்கிணதொம் சரியாக இறங்குகிறதா என்று மற்றவர் பார்க்கலாம். இப்படிப் பழகியவர்களில் சிலருக்காவது வாத்தியப் பழுதே பிழைப்பாகும். திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, தேனி என்று சுற்றிலும் உள்ள ஊர்களின் கிதார்களும் கீபோர்டுகளும் சென்னைக்குப் போகாமல் மதுரைக்கு வரும்.

பயிற்சி சொல்லித்தர அனுபவமுள்ள மைக் செட்காரர்களையும் அழைக்க வேண்டும், அவர்களுக்கு உரிய ஊதியமும் கொடுக்க வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஐப்பசி மழையில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் குறையும்போது வகுப்பை வைத்துக்கொண்டால் தவறாமல் வருவார்கள்.